வெறும் பாத்திரம் திரும்பாது

என் மனைவி ஷமீமாவின் பிடிவாதம் உடும்புப் பிடி. நாற்பது வயதில், பகலில் கிடங்கு வேலை பார்த்துக்கொண்டே, கிளமெண்டிக்கு ரயிலேறிப் போய் மாலை வகுப்பில் பட்டம் படிக்கிறாள். அதில் ஒரு பாடம் அவள் உயிரை வாங்கியது. இருக்கிற வண்டியையும் நேரத்தையும் வைத்து ஒரு வேலையை எப்படி முடிப்பது சிறந்தது என்று மென்பொருளில் கண்டுபிடிக்க வேண்டும். போன முறை தேறவில்லை. இந்த முறையும் தவறினால் படிப்பே போச்சு.

நோன்பு மாதம். ஈசூனில் எங்கள் பள்ளிவாசலிலிருந்து மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்கு வேனில் கஞ்சி போகும். நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்குள் எல்லா வீட்டுக்கும் சேர வேண்டும். அந்த வழித்தடத்தையே ப்ராஜெக்டாக எடுத்தாள்.

"தினமும் கடை வேன் ஓட்டுற எனக்குத் தெரியாத வழியா? கணக்குப் போட்டா கஞ்சி வேகமா போயிடுமா?" என்றேன்.

"வேடிக்கை மட்டும் பாருங்க மச்சான்."

திரையில் எல்லாம் அழகாக வந்தது. கூடப் படிக்கும் வருண், "சப்மிட் பண்ணிடலாம்க்கா, யாரு செக் பண்ணப்போறா?" என்றான். இவள் கேட்கவில்லை. பள்ளிவாசல் வேனை அதன் ஓட்டுநர் அன்வர் ஓட்ட, கணக்கைச் சரிபார்க்கக் கூடவே ஏறிப் போனாள்.

கடைசி வீட்டை அடைவதற்குள் பாங்கு சொல்லியாயிற்று. அங்கே தனியாக இருக்கும் மூதாட்டி உம்மு சல்மா பச்சைத் தண்ணீரில் நோன்பு திறந்துவிட்டு, கஞ்சிக்காகக் காத்திருந்தாராம். ஷமீமா வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் கொண்டுவந்த பையைத் திறந்தால் வடை, பேரீச்சம்பழம், வாழைப்பழம்!

அங்கேதான் கோளாறு. நேற்றைய பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தாள். நம்மவர்களில் யார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவார்கள்? எதையாவது தேடி எடுத்துப் போட்டு, நாலு வார்த்தை பேசாமல் விடுவார்களா? பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் கிண்ணத்தில் கொஞ்சம் சீனியாவது போடாமல் அனுப்பாதவள், கணக்கில் மட்டும் அதை மறந்துவிட்டாள்.

எட்டு நிமிடம் என்று மாற்றினாள். தீர்வே இல்லை என்று மென்பொருள் கையை விரித்தது.

"பிளாஸ்டிக் டப்பால குடுத்துடலாம்க்கா. பாத்திரமே திரும்ப வேணாம். ரெண்டு நிமிஷம் போதும் லா," என்றான் வருண்.

"அவங்க வீட்டுக் கதவு தட்டுறதே அந்த ஒரு நேரம்தான்டா தம்பி. அதை வெட்டி எனக்கு ஒரு பாஸ் வேணாம்."

கணக்கில் இன்னொரு வேனைச் சேர்த்தாள். தீர்வு வந்துவிட்டது. மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அடியே, நான் சிராங்கூன் ரோட்டுல சாமான் இறக்கிட்டு நாக்குத் தள்ளி வர்றேன்!"

"வழியிலதானே மச்சான் பள்ளிவாசல்?"

கத்தினேன். கடை முதலாளியிடம் வேனுக்கு அனுமதி வாங்கியதும் நானேதான். மறுநாள் உம்மு சல்மா வீட்டுக்குப் பாங்குக்கு முன்பே போய்விட்டேன். கஞ்சித் தூக்கைத் திறந்து, ஆவி பறப்பதைப் பார்த்து அவர் சிரித்தார்.

ப்ராஜெக்டை விளக்கியபோது விரிவுரையாளர் கேட்டாராம்: "அந்த எட்டு நிமிடத்தைக் குறைத்தால் ஒரு வேன் போதுமே. முடியாதா?"

"முடியும் சார். குறைக்க மாட்டோம்."

நோன்பு முடியும் வாரம். உம்மு சல்மா வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசி வீடு என்பதால் நோன்பு திறக்காமல் அவர் என்னை விடுவதில்லை. கைபேசி அடித்தது. "பாஸ் மச்சான்!" என்று ஷமீமா அலறினாள்.

"யாருப்பா அது?"

"உங்களுக்குக் கஞ்சி நேரத்தோட வரணும்னு கணக்குப் போட்டவ. பாஸாயிட்டா."

உம்மு சல்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெறும் பாத்திரத்தை என் கையிலிருந்து பிடுங்கி, விளிம்புவரை சீனியை நிரப்பித் தந்தார்.