பொட்டு வைத்த ஈ

எங்கள் ஊர்ப் பெண்கள் மீன் ஏலக்கூடத்துக்கு ஒரு கூரை கேட்டு மனு கொடுத்தார்கள். பல மாதம் கழித்துப் பதில் வந்தது: தங்களுடைய மின் ஏலக் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளவும்.

டவுனில் மனு தட்டிக்கொடுத்த கடையில், 'மீன்' என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'மின்' விழுந்திருந்தது. மின் ஏலம் என்றால் கம்ப்யூட்டரிலேயே விலை கேட்டு, கம்ப்யூட்டரிலேயே முடிப்பது. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் முதலில் பயந்தவர் எங்கள் ஊரில் ஏலம் விடுகிறவர்தான். காலையில் அவர் இறால் விலை கத்தினால் அக்கரையில் கொக்கு எழும்பும். "அப்போ என் தொண்டை இன்னாத்துக்கு? அறுத்து ஏரியில போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

மனு கொடுத்த அக்கா சிரிக்கவில்லை. அவர் மீன் விற்கும் பெண்கள் குழுவுக்குத் தலைவி. ஏலம் நடக்கிற இடத்தில் நான்கு கம்பும் ஒரு கிழிந்த தார்ப்பாயும்தான் உண்டு. வெயில் ஏறினால் கூடையில் இருக்கிற மீன் கூடையிலேயே வெந்துவிடும்.

"ஒரு சுழி தம்பி. மேல ஒரே ஒரு சுழி போடாததுக்கு ஒரு வெயில் காலமே போச்சு. வர்ற திங்கக்கிழமை மனு வாங்குறாங்களாம். இந்த தபா நானே அடிக்கிறேன். நீ கம்ப்யூட்டர ரெடி பண்ணு."

என் தொழில் போட் எஞ்சின் ரிப்பேர். கம்ப்யூட்டர் நானாகக் கற்றுக்கொண்டது. அதாவது நான்கைக் கெடுத்து, ஐந்தாவதைக் கெடுக்காமல் விட்டது. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பழையதைக் கழித்தபோது ஒன்று எங்கள் ஊருக்கு வந்து, சமுதாயக்கூடத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தது. அதில் இருந்த சிஸ்டம், 'உரிமம் முடிந்துவிட்டது' என்று ஒரு கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு வேறு எதுவும் பேசாமல் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னேன்.

இலவசம் என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"எலெக்சன் வருதா?" என்றார் ஏலக்காரர்.

"இல்லண்ணே. உலகம் முழுக்கப் பல பேர் சேந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கோன்னு வெச்சிருக்காங்க."

"சும்மாவா? அப்போ யார் படம் ஒட்டியிருக்கும் அதுமேல?"

படம் ஒட்டாமல் ஓர் இலவசப் பொருளை எங்கள் ஊர் பார்த்ததில்லை. பென் டிரைவில் வைத்திருந்த ஒன்றைத் திறந்து காட்டினேன். பனி மூடிய மலை ஒன்று வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். "மலைச் சின்னம் எந்தக் கட்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சண்டை வேண்டாம் என்று மலையை எடுத்துவிட்டு, ஏரியில் நிற்கிற ஒரு போட்டின் படத்தைப் போட்டேன். அது எந்த வீட்டுப் போட்டு என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பொதுக் கம்ப்யூட்டரில் அவங்க போட்டு மட்டும் எதற்கு என்று இன்னும் கால் மணி நேரம். கடைசியில் வெறும் தண்ணீரைப் படமாக வைத்தேன். அதையும் ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இந்தக் கலங்கல் நம்ம பக்கத்துத் தண்ணி இல்லியே, வடகரை ஆளுங்க பக்கமாச்சே" என்றார். ஊர்த் தலைவர் அவரை உட்காரச் சொன்னார்.

லினக்ஸில் ஒரு வகை இல்லை, நூறு வகை. நான் மூன்றைப் பொறுக்கி மூன்று பென் டிரைவில் வைத்திருந்தேன். ஒன்று பழைய மெஷினுக்கு ஏற்ற லேசானது. ஒன்று பார்க்க அழகானது. மற்றது பழைய சிஸ்டத்தின் சாயலில் சாதாரணமாக இருப்பது. எதைப் போடுவது என்று நான் விளக்க ஆரம்பித்ததும் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுல இன்னா யோசனை? பாடு வெச்சிக்கலாம்."

எங்கள் ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குத்தான் பாடு என்று பேர். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் ஒரு நாள் வரும்.

"இது வலை இல்ல தலைவரே. ஒண்ணுதான் நிலையா இருக்க முடியும்."

"இருக்கட்டும். மூணுத்துக்கும் ஆளுக்கொரு நாள் குடு. எந்த நாள்ல உன்னைக் கூப்பிடாம அக்கா மனு அடிக்குதோ, அது தங்கட்டும். மிச்சம் ரெண்டும் கெளம்பட்டும்."

ஆராய்ச்சி செய்கிறவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டார்கள். சீட்டை அங்கேயே குலுக்கினோம். வியாழன் லேசானதுக்கு, வெள்ளி அழகானதுக்கு, சனி சாதாரணத்துக்கு.

வியாழக்கிழமை அக்கா ஏலம் முடிந்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் வாசலில் ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். லேசான சிஸ்டம் சட்டென்று எழுந்தது. எழுந்து, கறுப்புத் திரையில் பேரையும் கடவுச்சொல்லையும் கேட்டது.

"தம்பீ! நான் அடிக்க அடிக்க முழுங்குது. ஒண்ணையும் வெளிய காட்ட மாட்டேங்குது."

"கடவுச்சொல் அப்படித்தாங்கா, திரையில தெரியாது."

"தெரியாம நான் இன்னாத்த அடிச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்? இது விலை சொல்லாத வியாபாரி மாதிரி கீதுப்பா."

இதை நான் உடனே சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிவைத்துக்கொண்டேன். இப்படிப் பேச்சு விழுந்தால் எழுதிவைக்காமல் என்னால் ஸ்பேனரைப் பிடிக்க முடியாது. அன்றைக்குப் பதினோரு முறை கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை அழகானது. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அக்காவுக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அம்புக்குறி தெரியாமல் மேல் மூலையில் போய் முட்டினால், திறந்து வைத்த எல்லாம் குட்டி குட்டியாகிப் பறந்துவிடும். மெஷினும் அந்த அழகைத் தாங்காமல் உள்ளே விசிறியைப் போட்டுக் கதறியது. எஞ்சின்காரனுக்கு அந்தச் சத்தம் புரியும்: பாரம் அதிகம்.

"வலைய உதறினாப்ல எல்லாம் செதறிப்பூடுச்சு! வா தம்பி, வந்து பொறுக்கு!"

ஏழு முறை. எட்டாவது முறை கூப்பிடவில்லை. எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரு நாள்.

சனிக்கிழமை சாதாரணம். கீழே இடது மூலையில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் பட்டியல். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். சாவிகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கரை நான் முன்பே ஒட்டியிருந்தேன். மெய்யை அடித்து உயிரை அடித்தால் எழுத்து சேர்ந்துகொள்ளும். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

"இன்னா எட்டிப் பாக்குற? நான் கூப்டனா?"

"இல்லக்கா."

"போய் எஞ்சினப் பாரு."

சற்று நேரம் கழித்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். கூப்பிட்டது கணக்கில் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கூப்பிட்டார். "ஒதவிக்கு இல்ல, வேடிக்கைக்கு. இங்க பாரு. இ கீழ கீது, அது தலைமேலயே ஈ குந்திருக்குது. கொஞ்சம் வெரல் வழுக்கினா மீன் மின்னாப் பூடும். டவுன்ல அந்த ஆளும் இப்படித்தான் வழுக்கியிருக்கான், பாவம்."

ஒரு வெயில் காலம் எங்கே போனது என்பதை ஒரு விரலகலத்தில் கண்டுபிடித்துவிட்டார். பிறகு நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ஈ சாவியின் மேல் ஒட்டினார். "இனிமே வழுக்காது."

சாயங்காலம் ஒரு பக்க மனு அச்சாகி வந்தது. 'மீன் ஏலக்கூடம்' என்று வந்த எட்டு இடத்திலும் எட்டுச் சுழியும் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், அக்கா எண்ணினார், தலைவர் எண்ணினார். சாதாரணம் நிலையாகத் தங்கியது. மற்ற இரண்டும் கிளம்பின.

திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் அக்கா ரசீதை வாங்கியதும் நகரவில்லை. எந்தத் துறைக்குப் போகிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "மீ... சுழி கீது. மீன்வளம்." அப்புறம்தான் வரிசையை விட்டார்.

ஊர் திரும்பியதும், ஏலக்காரர் நகலைத் தன் தொண்டையில் எல்லோருக்கும் வாசித்தார். கூரை, சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய் என்று கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"இன்னாமா இது? விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்குவதால் இரண்டு... மீன்விளக்கு?"

அறையே சிரிப்பில் குலுங்கியது. எண்ணிய மூன்று பேரும் சுழி இருக்கிற இடத்தைத்தான் பார்த்தோமே தவிர, இருக்கக் கூடாத இடத்தைப் பார்க்கவில்லை. அக்கா நகலை வாங்கி, பொட்டில்லாத நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார்.

"சரியாத்தான கீது? மீன் தெரியறதுக்குத்தான கேட்டோம்."

போன வாரம் டேப்போடு இரண்டு பேர் வந்து ஏலக்கூடத்தை அளந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தாளைப் புரட்டிப் பார்த்து, விளக்கு மீன் வடிவத்தில் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடுத்தா வேணாம்னா சொல்லப் போறோம்?" என்றார்.