கோச் எறிந்த ஒரே பந்து

என் மகனின் பேஸ்பால் குழுவுக்குப் புதிதாக வந்த தலைமை கோச் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். காலேஜில் பந்து எறிவதில் பெரிய ஆளாம். ஆனால் ஜெலுத்தோங் திடலில் மூன்று மாதமாக ஒரு பந்துகூட அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. மகன் எறிவதை மட்டும் நோட்டில் கோடு போட்டு எண்ணுவார். அவன் நன்றாக எறிந்துகொண்டிருக்கும்போதே வெளியே கூப்பிட்டுவிடுவார். தனக்கு வேண்டியவர் பிள்ளையை உள்ளே இறக்கத்தான் இந்த வேலை என்று நினைத்தேன்.

அரையிறுதியிலும் அப்படியே செய்தார். தோற்றோம். மற்ற பெற்றோர் முன்னால் பந்தை அவரிடம் நீட்டினேன்.

"காலேஜ் பிளேயர்தானே கோச், ஒன்னு போட்டுக் காட்டுங்க லா."

பந்தை வாங்கி எறிந்தார். கை தோளுக்கு மேல் எழவில்லை. பந்து பாதி தூரத்திலேயே விழுந்து உருண்டது.

"காலேஜ்ல எல்லா மேட்சும் என்னையே போட வெச்சாங்க அண்ணே. வலியை நானும் சொல்லலை, யாரும் நிறுத்தலை. அதான் எண்ணுறேன். உங்க பையனுக்கும் வலி ஆரம்பிச்சிருக்கு. அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு கெஞ்சினான்."

திரும்பிப் பார்த்தேன். மகன் தண்ணீர்ப் போத்தலை இடது கையால் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக அப்படிக் குடிக்கிறானோ. வேலியோரம் நின்று நான் கோச்சின் கையை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.