கோட்டைத் தாண்டாத செல்கள்

செல் வளர்ப்பவனுக்கும் மாடு வளர்ப்பவனுக்கும் ஒரே வித்தியாசம்தான்: மாடு பசித்தால் கத்தும். யாங்கூன் மின்வெட்டோடு மல்லுக்கட்டி எதையாவது காப்பாற்றியவர்களுக்கு, அது வெறும் ஐஸ்கிரீமாகவே இருந்தாலும், என் பாடு புரியும்.

ஜெனரேட்டர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்களில், யாங்கூனின் லான்மடாவ் பேட்டையில் ஒரு மாடி ஆய்வகத்தில் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பது என் வேலை. உடம்புக்குள் யார் தடுத்தும் நிற்காத அந்தச் செல்கள் எங்கள் தட்டுக்கு வந்ததும் புது மாப்பிள்ளையாகிவிடும். சூடு குறையக் கூடாது, தீனி தாமதிக்கக் கூடாது. கரண்ட் போனால், ஆற்றுக்கு அப்பாலுள்ள தன்லியினிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் ஆரோக்கியம் அண்ணன்தான் ஜெனரேட்டரை முடுக்குவார். கரண்ட் திரும்பியதும் தெருவே "மீ லாபி", அதாவது கரண்ட் வந்தாச்சு, என்று கூவிக் கொண்டாடும். அவர் மட்டும் கையைத் துடைத்தபடி கேட்பார்: "மனுசனைக் கொல்ற சனியனுக்கு இம்புட்டுச் சீராட்டா, தம்பி?"

ஐஸ் பெட்டியில் வந்தது

மா தண்டா எங்கள் ஆராய்ச்சி மாணவி. கட்டியை அடக்கும் ஜீன் ஒன்று இந்தச் செல்களில் இல்லை. அதை உள்ளே செலுத்தினால் அவற்றின் போக்கு மாறுமா என்பதே அவள் பட்டத்துக்கான கேள்வி. வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த ஜீன் ஒரு தடவைக்குத்தான் காணும். பலித்தால் பட்டம், இல்லாவிட்டால் அப்பா கடையில் பிளாஸ்டிக் வாளி வியாபாரம். சயா, அதாவது எங்கள் பேராசிரியர், அவளைப் பர்மியில் தேற்றினார். அதன் சரியான தமிழ் இது: "வாளியும் நல்ல தொழில்தான்மா, கரண்ட் போனாலும் சாகாது."

கோடு

ஒரு தட்டில் ஜீன் பெற்ற செல்கள், இன்னொன்றில் பெறாதவை. இரண்டு தட்டும் நிறைந்ததும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு கீறி வழி உண்டாக்கினோம். புற்றுநோய்ச் செல்கள் காலி இடத்தை விட்டுவைக்காது; நடைபாதைக் கடைக்காரர்கள்போல இரு பக்கமும் நகர்ந்து வந்து மூடிவிடும்.

மறுநாள் காலை முதலில் ஜீன் தட்டைப் பார்த்தேன். கோடு போட்டபடியே கிடந்தது. இரவில் கரண்ட் போய், ஜெனரேட்டரில் டீசலும் தீர்ந்திருந்தது. அசையாத செல் என்றால் செத்த செல் என்றே பழகிய கண்கள் எங்களுக்கு. துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றோம். மா தண்டா யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "நாளைக்குக் கடைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

மற்றத் தட்டு

ஒன்றைப் பார்த்தால் அதன் ஜோடியையும் பார்த்துவிடுவது என் வியாதி. செல்களைச் சூடாக வைக்கும் அதே பெட்டி, அதே மின்வெட்டு. ஆனால் ஜீன் இல்லாத தட்டில் கோட்டையே காணோம். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடியிருந்தன. அவசரமாக ஜீன் தட்டில் நீலச் சாயம் விட்டோம். செத்த செல்தான் அதைக் குடிக்கும். அநேகமாக ஒன்றும் குடிக்கவில்லை. உயிரோடுதான் இருந்தன, அடக்கமாக. மிச்சமிருந்த ஜீன் செல்களைப் பெருக்கி மறுபடி கீறியபோதும் அவை கோட்டோரமே நின்றன. மா தண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டத்துக்கு எழுத உட்கார்ந்தாள்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கையைத் துடைத்தபடி சொன்னார்: "வளராததுக்குச் சந்தோசப்படுற வேலைன்னு முதல்லயே சொல்லியிருந்தா, நான் டீசலையாவது மிச்சம் பிடிச்சிருப்பேனே, தம்பி."

எத்தனையோ வளர்ச்சிகளுக்குப் பிறகு கைதட்டியிருக்கிறேன். ஆனால் போட்ட கோட்டில் நின்றவர்களுக்காக ஆனந்தப்பட்டது அந்த லான்மடாவ் மாடியில் மட்டும்தான்.