பம்பரத்துக்குத் தடுப்பூசி

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவள் அவர் மனைவிதான். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்கு ஒருதரம் எழுந்துவிடுவார். படுத்தாலும் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். தங்கை மகளின் கல்யாணத்தன்று, இரண்டு மாடிகளுக்கு நடுவே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வர, பாதிச் சாப்பாட்டில் கைகழுவிவிட்டுப் போனவர் அவர். குடும்பப் படத்தில் அண்ணன் இல்லை. அன்றோடு தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பல் துலக்கினால் ரத்தம் வந்தது. லேசாக இடித்துக்கொண்ட இடமெல்லாம் நீலம் பூத்தது. ஸ்பேனர் கீறிய சின்னக் காயம் சீழ் பிடித்து, காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கிச் சோதித்துப் பார்த்தார்கள்.

"ரத்தம் எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையிலதான் ஊறுது. உங்களுக்கு அந்த ஊத்து வத்திப்போச்சு" என்றார் டாக்டரம்மா. "கிருமி உள்ள வந்ததும் முதல்ல ஓடி வந்து அதை முழுங்குறது வெள்ளணுதான். அது உங்ககிட்ட கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதான் ஒரு கீறல் ஆளையே சாய்க்குது."

"மருந்து?"

"வேற ஒருத்தரோட மஜ்ஜை வேணும். கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். மனைவிதான், "ஒரு தங்கச்சி இருக்காங்க" என்றாள்.

விஷயம் காதில் விழுந்ததும் தங்கை புறப்பட்டு வந்தாள். அண்ணியிடம் மட்டும் பேசினாள். பரிசோதனையில் ரத்தப் பிரிவு மட்டும் வேறு, அது தடையில்லை என்றார்கள்; மற்றதெல்லாம் அச்சாகப் பொருந்தியது. "பேசிக்காதவங்களுக்கு எப்படி இவ்வளவு பொருத்தம்னு தெரியல" என்று மனைவி முணுமுணுத்தாள்.

வடிகட்டிய காற்று மட்டும் வரும் தனி அறையில் அவரை அடைத்தார்கள். புதிதாக வரும் அணுக்களை விரட்டாதபடி, உடம்பில் மிச்சமிருந்த பழைய அணுக்களைக் கடும் மருந்து கொடுத்து அழித்தார்கள். பிறகு தங்கையின் இடுப்பிலிருந்து எடுத்த மஜ்ஜை ஒரு பையில் தொங்கியது. பார்க்கச் சாதாரண ரத்தம்போலத்தான் இருந்தது. குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கியது.

"கையில விட்டது எலும்புக்கு எப்படிப் போகும்? வழி தெரியாம வேற எங்கயாவது நின்னுட்டா?" என்று நர்ஸைக் கேட்டார்.

"அதுவே தேடிப் போயிடும் சார். நீங்க படுங்க."

படுக்கத்தான் முடியவில்லை. வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கினாலும் எரிந்தது. அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சுவருக்கு அப்பால் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கதவு உரசும் சத்தம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைக்குமா என்று நர்ஸிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"அந்த ஸ்க்ரூடிரைவர்ல இருக்கிற கிருமிக்கு இப்போ உங்க உடம்பு திறந்த வீடு சார்" என்றாள் அவள்.

தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணு இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. காய்ச்சல் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. தங்கையின் அணுக்கள் பிடிக்கவே இல்லையோ என்று ரத்தம் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். ஒரு காலையில் டாக்டரம்மா முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தார். "வெள்ளணு தலை காட்டுது."

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தடித்துத் தீயாய் அரித்தன. புது அணுக்கள் அவர் உடம்பையே அந்நியமென்று நினைத்துத் தாக்குகின்றன, அடக்க மருந்து தருகிறோம் என்றார்கள்.

அன்று தங்கை கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அறைக்குள் பேசும் போனைத் தானாகவே கையில் எடுத்தாள்.

"என்னோட அணுதான் உன்னை அடிக்குதாமே, அண்ணே."

"அதுக்கு என் மேல கோபம் போகல போல."

"எனக்கே போகல. அது மட்டும் எப்படிப் போகும்?" முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "அன்னைக்கு லிஃப்ட்ல மாட்டினவங்க யாரு?"

"ஒரு குடும்பம். அவங்களும் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பினவங்கதான்."

"போய்ச் சேர்ந்தாங்களா?"

"சேர்ந்தாங்க."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, மஜ்ஜை எடுத்த இடம் வலிப்பதைப் பற்றி அரைமணி நேரம் திட்டித் தீர்த்தாள். கேட்கக் கேட்க அவருக்கு அரிப்பு மறந்துபோயிற்று.

தடிப்பு அடங்கி வீடு திரும்பினார். மாதங்கள் கழிந்தன. ரத்தப் பிரிவே மாறி, தங்கையின் பிரிவாகிவிட்டிருந்தது. அணுக்களை அடக்கும் மருந்தைக் குறைத்தபின் டாக்டரம்மா அடுத்த செய்தியைச் சொன்னார். பழைய அணுக்களோடு அவற்றின் ஞாபகமும் போய்விட்டதாம். எந்தக் கிருமி எப்படி இருக்கும், அதை எப்படிக் கட்டிப்போடுவது என்று சின்ன வயதில் உடம்பு கற்றதையெல்லாம் மறுபடி கற்றுத்தர வேண்டும்.

தடுப்பூசி அறையில் கைக்குழந்தைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்வதும் எழுவதுமாக இருந்தவரைப் பார்த்த ஒரு தாய் கேட்டாள். "உங்க குழந்தை எங்கேங்க?"

"நான்தாங்க அது."

அவள் அப்புறம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு டெட்டனஸ் ஊசி போட்டார்கள், இன்னும் சிலதும் போட்டார்கள். தட்டம்மை ஊசியில் உயிருள்ள கிருமி, பலமில்லாததுதான் என்றாலும் இந்த உடம்பு இன்னும் தாங்காது, அதற்கு நாளாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவரை பேருந்தில் யார் முகத்திலாவது தடிப்பைக் கண்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்.

வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில் திடீரென்று குளிர் நடுங்கியது. மனைவி ஆஸ்பத்திரிப் பையை எடுத்தாள். ஆட்டோவில் அவள் கை அவர் கையை நசுக்கிக்கொண்டே வந்தது.

ரத்தத்தையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். "நெஞ்சுல கிருமி இறங்கியிருக்கு. ஆனா வெள்ளணு வேண்டிய மட்டும் இருக்கு, சண்டை போடுது. மருந்து ஏத்துறோம். இந்தத் தடவை நாங்க தனியா போராட வேண்டியதில்ல."

மறுநாள் மத்தியானம் வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் விட்டது. மனைவி நாற்காலியிலேயே வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு வருவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். கடிகாரம் நகர்வதாகத் தெரியவில்லை. அவர் மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, சக்கரம் கிறீச்சிடாமல் மெல்ல உருட்டியபடி வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார்.