கார்ட்டூனில் பேசிய என் மனைவி

எட்டு மாதம் கழித்து என் மனைவியின் குரலை நான் கேட்டது ஒரு கார்ட்டூனில்.

எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. சண்டை என்றால் சொல்லிக்கொள்ளவாவது ஏதாவது இருக்கும். அடையாறில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இருபது வருடமாக என் சரக்கில் பாதிக்கு மேல் அவள்தான். அவள் போன மூன்றாம் நாள், எழுத ஒன்றும் அகப்படாமல், மனைவி இல்லாத வீட்டில் கணவனுக்குக் கிடைக்கும் சுதந்திரத்தைப் பற்றி எழுதினேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடும் உரிமை, ஒரே டம்ளரில் காலை முதல் மாலை வரை எல்லாவற்றையும் குடிக்கும் உரிமை, இந்த மாதிரி. ஆசிரியர் கூப்பிட்டு, பிரமாதம், தொடராகவே போடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொடர் நடக்க வேண்டுமானால் அவள் வராமல் இருக்க வேண்டும் என்பது எனக்கு நாலாவது வாரம்தான் உறைத்தது. அவளுக்கு முதல் வாரமே உறைத்திருக்கிறது. பத்து நாள் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் எட்டாயிற்று. மாத்திரை தீர்ந்துவிட்டதா, கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணியாயிற்றா என்று வாட்ஸப்பில் இரண்டு சொல் வரும். நானும் இரண்டு சொல் அனுப்புவேன். தொடருக்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. வா என்று கூப்பிட மட்டும் எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

மயிலாப்பூரில் இதற்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. பிரிந்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ‘பொண்ணுக்கு ஒத்தாசையா இருக்கா’ என்பதுதான் வாசகம். என் பேத்திக்கு ஒன்பது வயது. தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். அந்த வீட்டில் ஒத்தாசைக்கு ஒரு வேலையும் இல்லை என்பது சொல்கிற எனக்கும் தெரியும், மாட வீதியில் நிறுத்திக் கேட்கிறவர்களுக்கும் தெரியும். ‘ஓ, அப்படியா’ என்று காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மகள் கார்ட்டூன் தயாரிக்கிறாள். குழந்தைகளுக்கு இல்லை. ‘அடல்ட்’ என்று எச்சரிக்கை போட்டுத்தான் தொடங்கும். முதலில் நான் பயந்த மாதிரி அதில் ஒன்றும் இல்லை. குடும்பத்தைப் பற்றிய உண்மைகள் வரும், குழந்தைகளுக்கு ஆகாது, அவ்வளவுதான். இணையத்தில் மாதம் ஒரு அத்தியாயம், இருபது நிமிடம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் புது அத்தியாயம் ஒன்றை எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு குரல் செய்தி.

“அப்பா, இது இன்னும் வெளில வரல. நீ பாரு. வேண்டாம்னு சொன்னா போடமாட்டேன். உன்னைக் கேக்காம போடக் கூடாதுன்னு அம்மாவும் சொல்லிட்டா.”

கதாநாயகன் ஒரு எழுத்தாளர். முகத்தில் பாதி கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணே வரையவில்லை. பேனாவுக்காகப் பனியனில் பாக்கெட் வைத்துத் தைத்திருக்கிறார். மனைவி வாயைத் திறந்தால் பேனா தானாக எழும்பி நிற்கும். குளியலறை வாசலில் அந்த அம்மாள் வழுக்கி விழுகிறாள். அவர் பதறிக்கொண்டு ஓடி வந்து, நோட்டைத் திறந்து, எந்தக் கால் முதலில் வழுக்கிற்று என்று கேட்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். நல்ல நகைச்சுவை. சிரித்து முடித்த பிறகு ஞாபகம் வந்தது. நான் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் அவள் விழுந்த வாரம் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது உண்மை.

விழுந்து கிடந்தவள் பேசினாள். “நான் சொல்றது காதுல விழறதா, இல்லை எழுதிண்டிருக்கேளா?”

அது நடிகையின் குரல் இல்லை. கேள்வியின் கடைசியில் குரலைத் தூக்காமல் கீழே போடுகிற வழக்கம் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. மகள் தன் அம்மாவையே பேச வைத்திருந்தாள்.

கதையில் அந்த அம்மாள் வீட்டை விட்டுப் போகிறாள். எழுத்தாளர் அன்றைய கட்டுரையை வெறும் வீட்டுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார். ஃபிரிட்ஜ் சிரிக்கிறது, மிக்ஸி சிரிக்கிறது, குக்கர் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டு சிரிக்கிறது. கடைசிக் காட்சியில் அவள் பையோடு திரும்பி வந்து காப்பி போடுகிறாள். கார்ட்டூனின் விதி அது. இந்த அத்தியாயத்தில் யார் செத்தாலும் அடுத்ததில் பழையபடி உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள்.

பார்த்து முடித்தேன். என் ஃபிரிட்ஜ் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. அந்த ஒரு வசனத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டேன். பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் மகளோடு முடிந்துவிடும். நேரில் போனால் எல்லோரும் இருப்பார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு லஸ்ஸில் ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோவிலும் அதே வசனத்தை ஓடவிட்டேன். மந்தைவெளி தாண்டியதும் ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், வூட்ல அம்மாவா? சூடா கீறாங்க போல.”

கார்ட்டூன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆமாம்பா” என்றேன்.

“பதில் சொல்லு சார். அவங்க பாட்டுக்குக் கேட்டுக்கினே கீறாங்க, நீ பாட்டுக்கு சும்மா குந்திக்கினு வர்ற.”

அடையாறு பாலம் முடியும்வரை பதில் யோசித்தேன். தொழிலுக்கு வேண்டுமானால் நாலு பதில் தயாராக இருந்தது. நாலும் வேடிக்கையானவை.

கதவைத் திறந்தது மகள். உள்ளே சாப்பாட்டு மேஜையில் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து “வாங்கோ” என்றாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் சொல்வாளே, அந்த வாங்கோ.

தாராளமாகப் போடலாம் என்று மகளிடம் சொன்னேன். நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபது வருடத் தொழில் புத்தி விடவில்லை.

“ஒரே ஒரு திருத்தம். கடைசியில அவ பையைத் தூக்கிண்டு திரும்பி வரா பாரு, அது நம்பற மாதிரி இல்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. மனைவி கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“நானும் அதையேதான் சொன்னேன்” என்றாள்.

எட்டு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. பின்னே எப்படி முடிப்பது என்று மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தொடரை நிறுத்திவிடுவதாகச் சொன்னேன். மகளுடைய கேள்விக்கு அது பதில் இல்லை.

“அது உங்க பொழைப்பு. நிறுத்தச் சொல்லலை. என்னைக் கேக்காம எழுதாதீங்கோ, அவ்வளவுதான்” என்றாள் மனைவி.

பிறகு காப்பி கொடுத்தாள். அளவான சர்க்கரை, மறக்கவில்லை. டம்ளரை நானே கழுவி வைத்தேன். யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டுவதற்குள் பஸ் பிடித்துத் தனியாக வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை அத்தியாயம் வெளியானது. புது முடிவில் அவள் வரவில்லை. அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ‘இந்த ஆளுக்கு நல்லா வேணும்’ என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். நானும் ஒரு லைக் போட்டேன்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளைப் போனில் கூப்பிட்டேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை. ம் என்றாள். முழுக்கப் படித்தேன். எங்கேயும் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரர் வரும் இடத்தில் மட்டும் ஒரு சத்தம் வந்தது, இருமலாகவும் இருக்கலாம். இரண்டு வாக்கியங்களை எடுக்கச் சொன்னாள். இரண்டும் நல்ல வாக்கியங்கள். எடுத்துவிட்டேன். மிச்சம் இருக்கட்டும் என்றாள்.

எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.