கொள்ளுத்தாத்தாவின் பெயர்

1961ஆம் ஆண்டு ஆகஸ்டு பத்தாம் தேதி, மாலை ஆறு மணிக்கு, என் அண்ணன்மேல் எனக்குப் பொறாமை தொடங்கியது. மறுநாள் ஆடி அமாவாசை. இறந்துபோன அப்பாவுக்கும், அவருக்கு மேலுள்ள இரு தலைமுறைக்கும் அண்ணன் எள்ளும் நீரும் இறைக்க வேண்டும். மூவரின் பெயரையும் சொல்லித்தான் இறைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் மூன்றாவது பெயர் யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு ஐயர் அந்த இடத்தைப் பொதுச்சொல் ஒன்றால் கடந்துவிட்டார்.

அந்தப் பெயரைத் தேடியவள் நான். தகப்பன் பெயரே நமக்குக் குடும்பப் பெயராகிவிடுவதால், ஒவ்வொரு பெயரும் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது. அதுவும் ஆங்கிலத்தில் ஒரே விதமாக நிற்பதில்லை. தாத்தாவின் பெயர் அப்பாவின் சான்றிதழில் ஒரு விதம், சித்தப்பாவின் குடியுரிமைத் தாளில் வேறொரு விதம். எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழக விடுமுறை முழுவதும், சிங்கப்பூர்த் துறைமுகக் கூலிகளின் பழைய பதிவுகளில் ஒவ்வோர் எழுத்துக்கூட்டாகத் தேடினேன். எங்கள் தாள் எதிலும் இல்லாத ஒரு வடிவத்தின் கீழ் தாத்தா இருந்தார். ஊரும் சரி, கப்பலேறிய ஆண்டும் சரி. பக்கத்தில் அவருடைய தகப்பன் பெயர்.

புதன்கிழமை அதை அண்ணனிடம் சொன்னேன்; அவன் சித்தப்பாவுக்குச் சொல்லியனுப்பினான். வியாழன் மாலை செம்பவாங்கிலிருந்து வந்த சித்தப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன் முதுகில் தட்டினார்.

"என் தாத்தா பேரு எனக்கே தெரியாது. நீ தேடிப் புடிச்சிட்டியே லா. புள்ளன்னா இதான் புள்ள."

"தங்கச்சியும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுச்சு சித்தப்பா," என்றான் அண்ணன், தேநீரை ஊதிக்கொண்டே.

"அது படிக்கிற புள்ள, எழுதி வச்சுக்கட்டும். சொல்லப்போறது நீதானே."

கொஞ்சமாம். நான் பதிவேட்டின் தூசியால் இருமிய நாள்களில் இவன் பாடாங் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். ஆனாலும் நாளை நீர் இவன் கையிலிருந்துதான் விழும். பெயர் இவன் வாயிலிருந்துதான் வரும். பெண் என்பதால் எனக்கு அந்த இடம் இல்லை.

சித்தப்பா குளிக்கப் போனதும் அவன் அருகில் வந்தான்.

"அந்தப் பேரு என்ன? மறந்துட்டேன். ஒரு தாள்ல எழுதிக் குடேன்."

"மாட்டேன்."

"ஏன், பேருக்கு வாடகை கேக்கப் போறியா?"

"நீங்கதானே தேடிப் புடிச்சீங்க. ஞாபகம் வரும்."

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "அண்ணன்கிட்ட என்னடி போட்டி? பேரு இல்லாமப் போனா யாருக்கு நஷ்டம்?"

நஷ்டம் அந்த மனிதருக்குத்தான் என்று எனக்குத் தெரியும். இன்னோர் ஆண்டும் அவர் பொதுச்சொல்லாகவே இருப்பார். இருந்தும் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை, யாரும் அழைக்காமலே, சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு அவர்களுடன் நடந்தேன். அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் அண்ணன் சொன்னான். ஐயர் அடுத்த பெயருக்குக் காத்திருந்தார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் இரண்டடி முன்னே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார். அண்ணன் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னான். போதாது என்று தோன்றியது. இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.