பதினாறு பக்க மதிப்புரை

பெக்கோக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்த காலத்தில், சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குப் புனைபெயரில் புத்தக மதிப்புரை எழுதிவந்தேன். நூலை எழுதியவர்கள் பத்திரிகைக்கு இரண்டு பிரதி அனுப்புவார்கள். ஒன்றில் முத்திரை குத்தி ஆசிரியர் எனக்குத் தபாலில் சேர்ப்பார். தோட்டத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. அதில் எனக்கு ஒரு கள்ளச் சந்தோஷம்.

ஒருமுறை எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரின் செய்யுள் புத்தகமே வந்தது. அப்போதெல்லாம் புத்தகத்தில் தாள்கள் மடித்தபடியே இருக்கும். கத்தியால் கீறித்தான் படிக்க வேண்டும். முதல் பதினாறு பக்கத்தைக் கீறினேன். கடவுள் வாழ்த்து, குரு வணக்கம், நாலு பேரிடம் கேட்டு வாங்கிய சிறப்புப் பாயிரம். கொட்டாவி வந்தது. மீதியும் இந்த லட்சணம்தான் என்று முடிவுகட்டினேன். 'இந்நாட்டு மண்ணை மிதித்தறியாதவர் பாடிய பாட்டு. இதற்குச் செலவான மையில் நாலு பிள்ளைகள் எழுதப் பழகியிருக்கலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் கடை வாசலில், ஆட்களை வேலைவாங்கும் தண்டல் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் அங்கே எவருமில்லை. மை பற்றிய வரி மட்டும் தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போனது. வாத்தியாரைக் கண்ட இடத்திலெல்லாம் மை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பிள்ளைகள் வகுப்பிலேயே கேட்டார்கள்.

ஒரு நாள் காலை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காய்ச்சல் என்று நினைத்தேன்.

"டிரஸ்ஸர் ஐயா, நீங்க மனு, கடுதாசி எல்லாம் நல்லா எழுதுவீங்கன்னு சொல்றாங்க. பத்திரிகைக்கு எனக்காக ஒரு பதில் எழுதிக் குடுங்க. வகுப்புல நிக்க முடியல. பதில் வந்தாத்தான் நான் இங்க இருக்க முடியும்."

எழுதுகிறேன் என்றேன். முதலில் படித்துப் பாருங்கள், ஒரு பிரதி கொண்டுவருகிறேன் என்று அவர் எழுந்தார். பதற்றத்தில் புத்தி மழுங்கிவிட்டது. என்னிடமே இருக்கிறது என்று மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். முதல் தாளில் பத்திரிகையின் முத்திரை. பதினாறாம் பக்கத்துக்கு மேல் எல்லாம் மடித்தபடி. என்னைத் திட்டியிருக்கலாம். கட்டுத்துணி வெட்டும் என் கத்தியை எடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மீதித் தாள்களை ஒவ்வொன்றாகக் கீறினார். வரிசையில் நின்ற நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் தாளையும் கீறிவிட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

"இப்பப் படிங்க."

படித்தேன். பதினேழாம் பக்கத்திலிருந்து எங்கள் தோட்டம்தான்: அட்டை கடித்த கால்கள், விடியலில் பால் மரம் சீவும் பெண்கள், என் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவின் கசப்புகூட. வெட்கமாகப் போயிற்று. படிக்காமல் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு, என் சொந்தப் பெயரிலேயே பத்திரிகைக்கு எழுதினேன்.

அதை உள்பக்கத்தில், மருந்து விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரியாகப் போட்டார்கள். அந்த ஞாயிறு தண்டல் அதைத் தாண்டிப்போனார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பத்திரிகையை அவர் கையிலிருந்து வாங்கி, கூட்டத்தின் நடுவே நின்று நானே உரக்கப் படித்தேன்.

வாத்தியார் தோட்டத்தை விட்டுப் பத்து பாகாட் என்ற ஊருக்குப் புறப்பட்டுப் போய் அன்றைக்கு நாலு நாள் ஆகியிருந்தது.